நான்கறை வீவக வீட்டில் குறைந்த செலவில் புரொஜெக்டர் திரை: வாங்குவதா, நாமே செய்வதா?

திரையை வாங்குவதா, செய்வதா என்று கேட்ட நீங்கள் சொல்லியிருப்பது மூன்று செய்தி: நான்கறை வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கைவசம் ஒரு சாதாரண புரொஜெக்டர், திரைக்கு 150 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் செலவழிக்க மனமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் நிலையும் இதுதான். ஒரு திரையை வாங்கி ஏமாந்து, பிறகு ஒன்றைக் கையால் செய்துகொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: செய்யுங்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்துச் செய்யுங்கள்.

அந்த இரண்டு வாரமும் வெறும் சுவரில் படம் பாருங்கள். வெள்ளைச் சுவர் அவ்வளவு மோசமான திரை அல்ல. எந்த அளவுக்குப் படம் வேண்டும், எங்கிருந்து வெளிச்சம் கசிகிறது என்பதையெல்லாம் அது காசு வாங்காமல் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கூடத்துச் சன்னல் பொது நடைபாதையைப் பார்த்தது. நடைபாதை விளக்கு இரவு முழுவதும் எரியும். படத்தில் இரவுக் காட்சி வந்தால் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பலைக் கரைத்து ஊற்றியது போல் இருந்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தைத்தான் அனுப்பும்; விளக்கை அணைத்த அறையில் திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ, அதைவிடக் கறுப்பை எந்தப் படத்திலும் நீங்கள் பார்க்க முடியாது. ஆகவே முதல் 40 வெள்ளியைச் சன்னலுக்கு ஒரு கனத்த திரைச்சீலை வாங்கச் செலவிட்டேன். பின்னால் செய்த எந்த வேலையும் இவ்வளவு மாற்றத்தைத் தரவில்லை.

இதற்கிடையில் அப்பா தம் எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அகலம் ஏறக்குறைய நான்கடி. மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள படத்தின் உயரமும் அவ்வளவுதான். நெய்தவரே கணக்குப் போட்டு நெய்தாரோ என்று சிரித்துக்கொண்டே கட்டினோம். படம் தெரிந்தது, வேட்டியிலும் அதற்குப் பின்னால் இருந்த காலணி அலமாரியிலும் சேர்ந்தே தெரிந்தது. மெல்லிய துணியில் வெளிச்சத்தில் ஒரு பங்கு ஊடுருவிப் போய்விடும். படுக்கை விரிப்புக்கும் இதே கதிதான்.

நான் ஏமாந்தது இழுத்துவிடும் திரையில். இணையத்தில் வாங்கினேன், விலை 89 வெள்ளி, 100 அங்குலம். முதல் மாதம் அழகாக இருந்தது. மூன்றாம் மாதம் இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு, நடுவில் அலை விழுந்தது. படம் நகரும்போது, குறிப்பாகக் காட்சி பக்கவாட்டில் ஓடும்போது, மனிதர்களின் முகம் தண்ணீருக்குள் இருப்பது போல் நெளியும். விலை உயர்ந்த திரைகளில் இரு பக்கமும் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருப்பார்கள். மலிவானதில் அது இருக்காது, சுருண்டே கிடக்கும் துணி தன் பழக்கத்தை விடாது. மடக்கி வைத்தே ஆக வேண்டிய வீடு என்றால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

‘கெயின்’ என்று பெட்டியில் ஒரு எண் இருக்கும். 1.0 என்றால் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும். 1.3, 1.5 என்று ஏற ஏற, நேர் எதிரே இருப்பவருக்கு அதிகமாகவும் பக்கத்தில் இருப்பவருக்குக் குறைவாகவும் அனுப்பும். சோஃபாவின் நடுவில் நீங்கள் ஒருவரே உட்கார்ந்து பார்ப்பதானால் சரி. எங்கள் வீட்டில் பாட்டி சுவரோரம் பாயில்தான் உட்காருவார். 1.0 போதும். சுற்றொளியைத் தடுக்கும் திரை என்று விற்பவற்றில் பல, சுவருக்கு அருகிலேயே கீழே வைக்கும் புரொஜெக்டருக்காகச் செய்யப்பட்டவை. கீழிருந்து வரும் ஒளியை மட்டும் நம் பக்கம் திருப்பும்படி நுண்ணிய வரிகள் அமைந்திருக்கும். மேசை மேலோ கூரையிலோ வைக்கும் புரொஜெக்டருக்கு அந்தத் திரை பணத்துக்குக் கேடு.

இப்போது அளவு. நான் 100 அங்குலத்தை விட்டு 92-க்கு இறங்கியதற்குக் காரணம் துணிதான். அரபு ஸ்திரீட்டில் நான் பார்த்த, வெளிச்சம் புகாத திரைச்சீலைத் துணியின் அகலம் 54 அங்குலம், அதாவது 137 செ.மீ. 92 அங்குலப் படம் 204-க்கு 115 செ.மீ. சுற்றிலும் 2 செ.மீ. கறுப்பு ஓரம் விட்டுச் சட்டம் 208-க்கு 119. துணியைச் சட்டத்தின் பின்பக்கம் மடித்து அடிக்க மேலும் கீழும் ஆறு ஆறு செ.மீ. ஆக 131. துணிக்குள் அடங்கிவிட்டது. 100 அங்குலத்துக்கு 141 செ.மீ. தேவைப்படும், ஒட்டுப் போட வேண்டும், ஒட்டின் கோடு படத்தில் தெரியும். 120 அங்குலத்துக்கு ஆசைப்பட்டால் இன்னொன்றும் உண்டு: அதே புரொஜெக்டரின் ஒளி 92-ஐவிடப் பெரிய பரப்பில் பரவி, பிரகாசம் 40 விழுக்காடு குறைந்துவிடும்.

கடைக்காரரிடம் துணியை மடித்துத் தர வேண்டாம், அட்டைக் குழாயில் சுற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை. மடிப்புக் கோட்டை எடுக்க, பின்பக்கம் மெல்லிய துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு ஒரு மாலைப்பொழுது போனது.

மரம் ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். நாலரை செ.மீ. அகலம், 2 செ.மீ. கனமுள்ள பைன் சட்டங்கள். 208 செ.மீ. இரண்டு, 110 செ.மீ. மூன்று. கடையிலேயே அறுத்து வாங்குங்கள். எட்டடிச் சட்டத்தோடு மின்தூக்கியில் ஏற முயன்ற என் மைத்துனர் அதைக் கடைசியில் படிக்கட்டில்தான் தூக்கி வந்தார். மூன்றாவது குட்டைச் சட்டம் நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துணியை இழுக்கும்போது நீளச் சட்டங்கள் உள்ளே வளையும். மூலைகளில் எல் வடிவ இரும்புப் பட்டை. திருகாணியை இறுக்குவதற்கு முன் இரு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய 239.6 செ.மீ. வந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று பொருள்.

துணி அடிப்பதில்தான் நான் கோட்டை விட்டேன். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டே போனேன். எதிர் மூலைக்கு வந்தபோது குறுக்காக மூன்று சுருக்கங்கள், புடவைக் கொசுவம் போல. முப்பது ஊசிகளையும் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தேன், கட்டைவிரலில் காயம். சரியான முறை: மேல் சட்டத்தின் நடுவில் ஒன்று, கீழே இழுத்து அதற்கு நேர் எதிரே ஒன்று, பிறகு இடம், வலம். அங்கிருந்து மாறி மாறி மூலைகளை நோக்கி நகர வேண்டும். மூலை கடைசி. சுற்றிலும் 5 செ.மீ. அகலக் கறுப்பு வெல்வெட் நாடா ஒட்டினேன், முன்பக்கம் 2 செ.மீ. தெரியும்படி. ஓரத்தில் வழியும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். படமும் பளிச்சென்று எடுப்பாகத் தெரியும்.

மொத்தம் 72 வெள்ளி. துளையிடும் இயந்திரம் மைத்துனருடையது. சனி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறையிலும் வீவக வீட்டில் அதிக இரைச்சலோடு துளையிடக் கூடாது, எனவே ஒரு வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தோம்.

ஒரு குறை பிறகு தெரிந்தது. நவம்பர், டிசம்பர் மழைக்குப் பின் திரையின் கீழ் ஓரத்தில் மிளகுத் தூள் தூவியது போல் பூஞ்சைப் புள்ளிகள். வெளிச்சுவரோடு ஒட்டி மாட்டியதால் காற்றுப் போக வழியில்லை. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் விரற்கடை அளவு ரப்பர் துண்டு ஒட்டித் தள்ளி மாட்டிய பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. பழைய புள்ளிகள் போகவில்லை, கறுப்பு நாடாவை இன்னும் அரை செ.மீ. ஏற்றி ஒட்டி மறைத்திருக்கிறேன். தாத்தாவின் படத்தை அந்தச் சுவரிலிருந்து எடுத்ததற்குத்தான் பாட்டி இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.