அரம் வழுக்குகிறது, ஆனாலும் ஷாஃப்ட் உடைகிறதே?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அறுவடை செய்யும் செயின் வண்டிக்கு 40 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றை ஈ.என். 19 ரக கலப்பு எஃகுக் கம்பியில் கடைந்து, கொல்லுப்பட்டறை உலையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். கீவே (சாவி உட்கார வெட்டிய காடி) ஓரத்தில் விரிசல் விட்டது. அடுத்ததை ஆயிலில் தோய்த்தேன். விரிசல் இல்லை, அரம் போட்டால் வழுக்கியது. நம்பி மாட்டினால் சேற்று வயலில் இரண்டாம் நாளே இரண்டு துண்டு. கம்பி மோசமா, என் வேலை மோசமா?

பதில்: கம்பி மேல் பழி போட வேண்டாம். ஆயிலில் தோய்த்தது வரை சரி. அதோடு நிறுத்திவிட்டீர்கள், அதுதான் பிரச்சினை.

ஈ.என். 19-இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம். கூடவே ஒரு சதவீதத்தை ஒட்டி குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம். மிருதுவான நிலையில் வாங்கும் கம்பிக்குள் கார்பன், உலோகத்தோடு சேர்ந்த கார்பைடு துகள்களாகப் பிரிந்து கிடக்கும். 850 டிகிரிக்குக் காய்ச்சும்போது இரும்பின் அணு அடுக்கே மாறி ஆஸ்டினைட் ஆகிறது, கார்பன் அதில் கரைந்துவிடுகிறது. மெதுவாக ஆறவிட்டால் பழையபடி பிரிந்துவிடும். வேகமாகக் குளிரவைத்தால் பிரிய நேரம் கிடைக்காது. அடுக்குக்குள்ளேயே சிக்கி, அதை நெளித்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த இறுகிய அமைப்புக்குத்தான் மார்ட்டென்சைட் என்று பெயர். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 55-ஐ ஒட்டி வரும். உங்கள் அரம் வழுக்கியது இதன் மேல்தான்.

கடினம் எவ்வளவு ஏறும் என்பது கார்பன் கையில். குரோமியம், மாலிப்டினத்தின் வேலை வேறு. கார்பன் பிரிவதை அவை தாமதப்படுத்துகின்றன. அதனால் ஆயிலின் நிதானமான குளிர்ச்சியிலேயே கடினம் உள்ளே வரை இறங்கிவிடும். இந்த ஸ்டீலுக்குத் தண்ணீர் அவசியமும் இல்லை, ஆபத்தும்கூட. மார்ட்டென்சைட்டாக மாறும்போது உலோகம் பருக்கும். தண்ணீரில் மேற்பரப்பு முந்திக்கொண்டு கெட்டியாகிவிட, பிறகு உள்பகுதி பருத்து அதைப் பிளந்துவிடும். கூர்மையான மூலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிளவு தொடங்கும். உங்களுக்குக் கீவே.

சரி, ஆயிலில் தோய்த்தது ஏன் உடைந்தது? தோய்த்தபடியே இருக்கும் மார்ட்டென்சைட் கடினமானது, ஆனால் வளைந்து கொடுக்காது. செயின் சேற்றில் சிக்கி இழுக்கும்போது விழும் அடியைத் தாங்காது. அதனால்தான் டெம்பரிங். ஷாஃப்ட் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் திரும்ப உலையில் வைத்து, 600 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம் விட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டுவைத்தால் சும்மா கிடக்கும்போதே விரிசல் விடக்கூடும். டெம்பரிங்கில் சிக்கியிருந்த கார்பன் நுண்ணிய கார்பைடுகளாக வெளியேறி, இறுக்கம் தளரும். கடினம் 30 ராக்வெல் சி-யை ஒட்டி இறங்கும். அரம் இப்போது கடிக்கும். கடிக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரிவாளுக்குத் தோய்ச்சல் வைக்கும் ஆசாரிகள் நிறம் பார்த்துப் பதம் வைப்பார்கள். வைக்கோல் நிறம் 230 டிகிரி வாக்கில், நீலம் 300 வாக்கில். சாதாரண கார்பன் எஃகு அரிவாளுக்கு நல்ல முறைதான். அதே நீலத்தை இந்த ஷாஃப்ட்டில் பிடித்தால் கெட்டது. இந்த வகை ஸ்டீல், ஏறக்குறைய 250 முதல் 370 டிகிரிக்குள் டெம்பர் செய்தால் கடினம் குறைந்தும் அடி தாங்கும் தன்மை கூடாது, சில சமயம் குறையவும் செய்யும். 600-ஐ அந்த நிறங்கள் காட்டாது. வெப்பமானி வைத்த உலை வேண்டும்.

காய்ச்சும்போதும் அப்படித்தான். காந்தம் பிடிப்பதை விட்டதும் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. இரும்பு காந்தத்தன்மையை இழப்பது 770 டிகிரியில். இந்த ஸ்டீலுக்கு அது போதாது. ஊதுலையில் இருக்கும் எதிர் ஆபத்து, தேவைக்கு மேல் காய்ந்து உள்மணிகள் பெருத்துவிடுவது. உடைந்த துண்டை எடுத்து முகத்தைப் பாருங்கள். சீனிக்கல் மாதிரி பெரிய மணிகளாக மின்னினால் சூடு மிஞ்சியிருக்கிறது. வழவழவென்று வளைகோடுகள் தெரிந்தால் அது வேறு கதை: திரும்பத் திரும்ப விழுந்த சுமையால் பிளவு மெல்ல வளர்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டின் விட்டம் படியாகக் குறையும் இடத்தில் மூலையை வளைவாகக் கடையாதவரை எந்தப் பதமும் காப்பாற்றாது.

என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு உலையே வேண்டாம். ஈ.என். 19 கம்பி ஏற்கெனவே பதப்படுத்தி டெம்பர் செய்த ‘டி’ நிலையில் கிடைக்கிறது, கடினம் பிரினெல் என்ற இன்னொரு அளவில் 248 முதல் 302. கார்பைடு டூல் போட்டு லேத்தில் கடையலாம். வாங்கும்போது டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள், பழைய இரும்புக்கடைக் கம்பியை நம்பாதீர்கள். தேய்மானம் அதிகமாக உள்ள ஸ்ப்ளைன் (நீளவாக்கில் பல் வெட்டிய) பகுதிக்கு மட்டும், மின்தூண்டலால் மேற்பரப்பைக் காய்ச்சிக் கடினமாக்கும் இண்டக்‌ஷன் ஹார்டனிங் செய்துகொண்டால் மேற்பரப்பு 50 ராக்வெல் சி-க்கு மேல் ஏறும், உட்பகுதி அடி தாங்கும்படியே இருக்கும்.

எப்படியும் முழுதாகப் பதப்படுத்தத்தான் வேண்டும் என்றால் திருச்சிப் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்டில் கொடுங்கள். சலானில் வெறுமனே ‘ஹார்டனிங்’ என்று எழுதாதீர்கள், உங்களுக்கு நடந்ததையே அவர்களும் செய்து கொடுத்துவிடக்கூடும். ‘ஈ.என். 19, ஆயில் ஹார்டனிங், டெம்பரிங், 28–32 ராக்வெல் சி’ என்று எழுதுங்கள். திரும்ப வாங்கும்போது அளந்து காட்டச் சொல்லுங்கள்.