அவசரகாலத்துக்கு முன் ஹாம் (அமெச்சூர் வானொலி) கருவிகளைச் சோதித்தல்: கேள்வி பதில்

கேள்வி: என் 100 வாட் கருவியை வாரந்தோறும் இயக்கிப் பார்க்கிறேன். இதற்கு மேலும் சோதனை தேவையா?

பதில்: வீட்டு மின்சாரத்தில் இயக்குகிறீர்கள் என்றால், அவசரகாலத்தில் முதலில் இல்லாமற்போகும் ஒன்றை நம்பித்தான் இதுவரை சோதித்திருக்கிறீர்கள். அதைத் துண்டித்துவிட்டு, பேட்டரியில் மட்டும் இயக்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் ஈய அமில பேட்டரி, கொள்ளளவில் பாதியை இழந்ததாகவும் இருக்கலாம். எனவே ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (ஆற்றலை வெளியே பரப்பாமல் வெப்பமாக மாற்றும் மின்தடையை) இணைத்து, முழுத் திறனில் அனுப்பிக்கொண்டே, மல்டிமீட்டரை பேட்டரி முனையில் அல்லாமல் கருவிக்குள் மின்கம்பி நுழையும் இடத்தில் வைத்து அளவிடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 3 மீட்டர் தூரம் ஓடினால், போக வர 6 மீட்டரில், 20 ஆம்பியருக்கு ஏறத்தாழ 0.9 வோல்ட் கம்பியிலேயே தொலைந்துவிடும். 13.8 வோல்ட்டுக்கு வடிவமைத்த கருவிகள் பலவும் 11.7 வோல்ட்டுக்குக் கீழே முரண்டு பிடிக்கும். கேட்பதில் ஒரு குறையும் தெரியாது, பேசும் பொத்தானை அழுத்தியவுடன் அணைந்துவிடும்.

கேள்வி: 40 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: கேட்கும்போது 1 ஆம்பியர், பேசும்போது 20 ஆம்பியர், பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பேச்சு என்று வைத்துக்கொண்டால் சராசரி 2.9 ஆம்பியர் ஆகிறது. பேட்டரி கெடாதிருக்கப் பாதியை மட்டுமே எடுப்பதென்றால் ஏறக்குறைய 7 மணி நேரம் கிடைக்கும். இது புது பேட்டரிக்கான கணக்கு. உங்களுடையதற்கு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை உண்மையாகவே ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1-க்கு நெருங்க நெருங்க நல்லது) 1.2 தான் காட்டுகிறது. ஆனாலும் என் குரல் யாருக்கும் சரியாகக் கேட்பதில்லை என்கிறார்கள்.

பதில்: அந்த அழகான எண்ணைத்தான் நான் சந்தேகிப்பேன். கருவியை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிளில் நீர் புகுந்திருந்தால், அது போகும் ஆற்றலையும் திரும்பி வரும் ஆற்றலையும் ஒருசேர விழுங்கிவிடுவதால், கருவியின் பக்கம் மீட்டர் நல்லதாகவே காட்டும். கேபிளின் ஆன்டெனா முனையைக் கழற்றி, அங்கே வாட் மீட்டரையும் டம்மி லோடையும் மாட்டுங்கள். 100 வாட் அனுப்பி, அங்கே 50 வாட் வந்தால் இழப்பு 3 டெசிபல், அதாவது பாதி ஆற்றல். கழற்றிய கனெக்டரின் உட்புறத்தையும் பாருங்கள். பளபளக்க வேண்டிய செப்புப் பின்னல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் கேபிளையே மாற்றிவிடுவது நல்லது. அந்த முனையை மட்டும் வெட்டிப் புது கனெக்டர் போட்டால் சில மாதங்களில் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

கேள்வி: கையடக்கக் கருவியில் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) நன்றாகக் கிடைக்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. ரிப்பீட்டரும் ஏதோ ஒரு பேட்டரியில்தான் நிற்கும். குழுவினரோடு சிம்பிளெக்ஸில், அதாவது ரிப்பீட்டர் இல்லாமல் கருவிக்குக் கருவி நேரடியாக, பேசிப் பார்த்து, எந்த இடத்திலிருந்து யாருக்குக் கேட்கிறது என்பதைத் தாளில் குறித்து வையுங்கள்.

கேள்வி: பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்கும் அண்டை மாவட்ட நிலையங்கள் இரவில் மறைந்துவிடுகின்றன. கருவியில் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதல்ல. அண்டை மாவட்டங்களுக்கு அலைகள் ஏறத்தாழ செங்குத்தாக மேலே சென்று, வளிமண்டலத்தின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் வருகின்றன. இரவில் அந்த மண்டலம் வலுவிழப்பதால், அவை திரும்பாமல் விண்வெளிக்குப் போய்விடுகின்றன. அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். அதற்கான நீண்ட கம்பி ஆன்டெனா கைவசம் இருக்கிறதா என்பதோடு, இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் அதை ஏற்றிக் கட்ட உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.