கான்ஸ்டபிளின் கடிதங்களும் வாலிநோக்கத்து வானமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் கடிதங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் வரைகிறேன், வாலிநோக்கத்தில். ஆனால் இங்கே வரைய என்ன இருக்கிறது? பனை, உடைமரம், உப்பளம், கடல். ஊரை விட்டுப் போனால்தான் உருப்படுவேன் போல. அப்புறம், படங்களே இருக்கும்போது ஓவியரின் சொந்தக் கடிதங்களை எதற்குப் படிக்க வேண்டும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் பதில் இருக்கிறது. 1821 அக்டோபரில் கான்ஸ்டபிள் தன் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதியது. மில் மதகில் தண்ணீர் கசிந்து ஓடும் சத்தம், உளுத்துப்போன பலகை, பாசி வழுக்கும் கம்பம், பழைய செங்கல் கட்டு, இதெல்லாம் தனக்கு அவ்வளவு பிடிக்கும் என்கிறார், தன் ஊரைத்தான் தன்னால் நன்றாக வரைய முடியும் என்றும் சொல்கிறார். அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போனதே இல்லை. அவருடைய 'வைக்கோல் வண்டி' பாரீஸுக்குப் போய் 1824-இல் தங்கப் பதக்கம் வாங்கியது, அதில் இருப்பதும் அப்பாவின் மாவு மில்லுக்குப் பக்கத்து ஆறுதான்.

படத்தை மட்டும் பார்த்தபோது அழகான கிராமம் என்று நகர்ந்துவிட்டேன். கடிதத்தைப் படித்த பிறகுதான் கண் பலகைக்கும் கம்பத்துக்கும் போனது. மறுநாள் தேவிபட்டினம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிப்பலகை முழுக்க ஒட்டி வளர்ந்த கொட்டலசு ஓடுகள், தொட்டால் விரலைக் கிழிக்கும், ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் துரு கண்மை கரைந்த மாதிரி வழிந்திருந்தது, பலகை இடுக்கில் அடைத்த பஞ்சு பாதி வெளியே வந்து உப்புப் பூத்து நின்றது. எத்தனையோ வருஷம் அந்த வழியாகத்தான் நடக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

சரி, வானத்துக்கு வருகிறேன். லண்டன் பக்கத்து ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்தபோது கான்ஸ்டபிள் வானத்தை மட்டும் தனியாக வரைந்து, பின்பக்கம் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் எழுதி வைத்தார். அப்படிச் சுமார் 50 வரைந்தாயிற்று என்று 1822 அக்டோபரில் அதே ஃபிஷருக்கு எழுதுகிறார். நீங்களோ காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கடற்கரையில் பிறந்தவர்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். கச்சான் வீசும்போது உப்பளத்துக்கு மேலே இருக்கிற வானமும் வாடையில் இருக்கிற வானமும் ஒன்றா?

அடுத்த படத்தின் பின்னால் தேதியும் மணியும் காற்றின் பெயரும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.