யரலவழளவும் விடைக்குறிப்பும்

அன்புள்ள ஐயா,

மதுரை இலந்தைகுளம் ஐடி பார்க்கில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு நாங்கள் எழுதும் ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு (கூடுதல் வசதி சேர்க்கும் இணைப்புக்கு) ரிக்ரெஷன் டெஸ்ட், அதாவது முன்பு சரியாக இருந்தது பின்னால் கெடவில்லையா என்று பார்க்கும் சோதனை, எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தும் ஒரு சோதனை என் கணினியில் தேறுகிறது, உடன் பணிபுரியும் அண்ணன் கணினியில் தோற்கிறது. அவருடைய ரிசல்ட்ஸ் கோப்பை (சோதனையில் உண்மையில் வந்த வெளியீட்டை) எடுத்து எக்ஸ்பெக்டட் கோப்பின் (வர வேண்டிய விடையின்) மேல் நகலெடுத்தேன். இப்போது அவருக்குத் தேறுகிறது, எனக்குத் தோற்கிறது. இரண்டு விடைகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்கிறார். எது சரி? புதிதாகச் சோதனை எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அலுவலகத்தின் பொதுச் சர்வரிலேயே சோதனைகளை ஓட்டலாமா?

ஒரு வாசகி,
திருமங்கலம்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இணைத்திருந்த இரண்டு வெளியீடுகளையும் பார்த்தேன். உங்கள் கணினியில் அலங்காநல்லூர், அழகர்கோவில், அவனியாபுரம் என்று வந்திருக்கிறது. அவருடையதில் அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில் என்று வந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் நாம் பாடிப் படித்த 'ய ர ல வ ழ ள' வரிசைப்படி வகரம் ழகரத்துக்கு முன்னால் வர வேண்டும். ஆகவே அகராதி வரிசை அவருடையதுதான். ஆனால் யூனிகோட் அட்டவணையில், இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு அமைப்பைப் பின்பற்றியதால், நம் எழுத்துகள் 'ய ர ற ல ள ழ வ' என்று நிற்கின்றன. லோக்கேல் என்பது கணினியின் மொழி, வட்டார அமைப்பு. 'சி' என்ற லோக்கேலில் இயங்கும் சர்வர் எழுத்தின் எண்ணை மட்டுமே பார்க்கும், மொழியைப் பார்க்காது. மேக் செக் என்ற கட்டளையால் சோதனைகளை ஓட்டும்போது தற்காலிகமாக எழுப்பப்படும் சர்வர், வேறு எதுவும் சொல்லாவிட்டால், உங்கள் கணினியின் லோக்கேலையே எடுத்துக்கொள்கிறது. சர்வரில் பிழை எதுவும் இல்லை. எந்த வரிசை வேண்டும் என்று உங்கள் சோதனை சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

எது சரி என்பதற்கு விடை, அந்தச் சோதனை எதற்காக எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் சரியான ஊர்களைத் திருப்பித் தருகிறதா என்பதே கேள்வி என்றால், வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை பகுதியில் கொலேட் "சி" (எண் வரிசையே போதும்) என்று எழுதிவிடுங்கள். எந்தக் கணினியிலும் ஒரே வரிசை வரும். பயனருக்குத் தமிழ் அகராதி வரிசை கிடைக்க வேண்டும் என்பதே கேள்வி என்றால், ஐசியூ என்ற யூனிகோட் நிரலகம் வழங்கும் தமிழ்க் கொலேஷனை (வரிசை விதியை) பெயர் சொல்லியே கேளுங்கள். 2017இல் வந்த பதிப்பு 10 முதல் போஸ்ட்கிரெஸ் ஐசியூ கொலேஷன்களை ஏற்கிறது. ஐசியூ இல்லாமல் கட்டப்பட்ட சர்வரில் அந்தச் சோதனை தானே விலகிக்கொள்ளும்படி மட்டும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு விடைகளையும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். கோப்பின் பெயரோடு அடிக்கோடும் ஓர் இலக்கமும் சேர்த்து மாற்று விடைக் கோப்புகளை வைக்க போஸ்ட்கிரெஸ் இடம் தருவது உண்மைதான். ஆனால் சோதனைகளை ஓட்டும் புரோகிராம் எந்தக் கணினியில் எந்த விடை வர வேண்டும் என்று பார்ப்பதில்லை. ஏதாவது ஒன்றோடு பொருந்தினால் தேறிற்று என்கிறது. நாளைக்கு அவர் கணினியில் தமிழ் வரிசை கெட்டு எண் வரிசை வந்தாலும் உங்கள் சோதனை வாய் திறக்காது.

இனி, நகலெடுத்த விஷயம். அது மாணவன் எழுதிய தாளையே விடைக்குறிப்பாக வைத்து அவனுக்கு மதிப்பெண் போடுவதற்குச் சமம். நகலெடுப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், வேறு வழியும் இல்லை. வந்த விடைக்கும் வர வேண்டிய விடைக்கும் உள்ள வேறுபாடுகளை (டிஃப்) பட்டியலிடும் ரிக்ரெஷன்.டிஃப்ஸ் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிந்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். சர்வரோடு பேசி விடைகளைக் காட்டும் பிஎஸ்கியூஎல், அட்டவணையின் நெடுவரிசைகளை அகலம் பார்த்து அடுக்குவதால், ஒரே ஒரு நீளமான பெயர் புதிதாக நுழைந்தால்கூட அந்த அட்டவணையின் எல்லா வரிகளும் மாறியதாகத் தெரியும். உண்மையான மாற்றம் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். இடைவெளிகளைப் பொருட்படுத்தாமல் ஒருமுறை டிஃப் எடுத்துப் பார்த்தால் கூட்டம் கலைந்துவிடும்.

டிஃப் எதுவுமே வராத இடத்திலும் தவறு இருக்கலாம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், பெயரிலிருந்து தலைப்பெழுத்தைப் பிரித்துத் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதியிருந்தேன். தலைப்பெழுத்து இல்லாதவர்களுக்கு அது வெற்றுச் சரத்தை, அதாவது எழுத்தே இல்லாத உரையைத் தர வேண்டும். பின்னால் அதைத் திருத்தியபோது, என் கவனக்குறைவால் 'நல்' (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் NULL) தரத் தொடங்கியது. பிஎஸ்கியூஎல் இரண்டையும் வெறும் இடமாகவே காட்டுவதால் எக்ஸ்பெக்டட் கோப்பில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எல்லாச் சோதனைகளும் தேறின. எஸ்கியூஎல்லில் நல்லோடு எதை ஒட்டினாலும் விளைவு நல்தான். தலைப்பெழுத்தையும் பெயரையும் ஒட்டி அச்சிட்ட கடித உறைகள் வந்து இறங்கியபோது, பலவற்றில் முகவரி இருந்தது, பெயர் இல்லை. அன்றிலிருந்து நான் எழுதும் சோதனைக் கோப்புகளின் முதல் வரியிலேயே, வெளியீட்டின் தோற்றத்தை மாற்றும் பிசெட் கட்டளையால் நல்லுக்கு ஓர் அடையாளச் சொல்லைக் கொடுத்துவிடுகிறேன்.

புதிய சோதனை எழுதுபவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அது ஒருமுறையாவது தோற்பதைக் கண்ணால் பாருங்கள். எந்தப் பிழைத் திருத்தத்துக்காக அதை எழுதினீர்களோ அந்தத் திருத்தத்தைத் தற்காலிகமாக நீக்கி, மீண்டும் கட்டி, ஓட்டுங்கள். அப்போதும் தேறினால் நீங்கள் வேறு எதையோ சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். மற்றவை உங்களுக்கே தெரிந்தவையாக இருக்கும்: ஆர்டர் பை இல்லாமல் பல வரிகளைக் கேட்காதீர்கள், ஓஐடி எண்களையும் (சர்வர் தானே கொடுக்கும் உள் அடையாள எண்கள்) தற்போதைய நேரத்தையும் வெளியீட்டில் விடாதீர்கள், வினவலை சர்வர் எப்படி நிறைவேற்றும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் எடுத்தால் காஸ்ட்ஸ் ஆஃப் (செலவு மதிப்பீடுகள் வேண்டாம்) என்று எடுங்கள். இரண்டு பயனர்கள் அட்டவணையின் ஒரே வரிக்குப் பூட்டுப் போட முயன்று ஒருவர் காத்திருக்கும் நிலையைச் சோதிக்க வேண்டியிருந்தால், உறங்கும் கட்டளையை நுழைத்து நேரத்தை ஊகிக்க வேண்டாம். பல இணைப்புகளை ஒரே சமயத்தில் ஓட்டிப் பார்க்கும் ஐசொலேஷன் சோதனைகள் அதற்காகவே இருக்கின்றன. படிகளை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கலாம், ஒரு படி காத்து நின்றால் அதுவும் வெளியீட்டில் பதிவாகும்.

கடைசிக் கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். மேக் செக் போலத் தனிச் சர்வரை எழுப்பாமல், இன்ஸ்டால்செக் என்ற கட்டளை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையே பயன்படுத்தும். சோதனைக்கான டேட்டாபேஸை அழித்து மறுபடி உருவாக்குவது அதன் வழக்கம். அதில் மற்றவர்களுக்கு இழப்பு இல்லை. ஆனால் ரோல்கள் (சர்வரின் பயனர் கணக்குகள்) சர்வர் முழுவதற்கும் பொதுவானவை. சோதனையில் உருவாக்கும் ரோல்களின் பெயர் 'ரிக்ரெஸ்' என்று தொடங்க வேண்டும் என்ற மரபு, அவை உண்மையான பயனர்களின் பெயரோடு மோதிவிடக்கூடாது என்பதற்காகவே வந்தது. அதோடு, சி மொழியில் எழுதிய உங்கள் எக்ஸ்டென்ஷன் ஒரு பேக்எண்ட் செயல்முறையை (ஓர் இணைப்புக்காக சர்வரில் ஓடும் செயல்முறையை) கிராஷ் செய்தால் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீண்டு எழும். அலுவலகம் முழுவதும் உங்கள் மேசையைத் திரும்பிப் பார்க்கும். உங்கள் கணினியிலேயே தனிச் சர்வர் ஒன்றை எழுப்பி ஓட்டுங்கள். கணினியின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக இருந்து தொடங்கினால் சர்வர் எழ மறுத்துவிடும் என்பதால் சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள்.

அன்புடன்.