மணி அடித்து ஓய்ந்த பிறகு: குத்துச்சண்டை வீரர்களின் மனநலம் குறித்த கேள்வி பதில்

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களுக்கு உளவியல் ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பயிற்சியாளர்): என்னிடம் பயிலும் வீரர் இரண்டாவது ரவுண்டிலேயே நாக் அவுட் ஆனார். மூன்று வாரங்களாகப் பயிற்சிக்கு வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. அவராக வரட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். சண்டைக்கு முந்தைய வாரங்களில் அவருடைய ஓட்டம், உணவு, உறக்கம் எல்லாவற்றுக்கும் யாராவது கணக்கு வைத்திருப்பார்கள். தோற்ற மறுநாள் காலையிலோ அவரைத் தேடி ஒருவரும் வருவதில்லை. அணி விளையாட்டில் தோல்வியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். இங்கே அது முழுவதும் ஒருவர் தலையில்தான் விழுகிறது.

தோற்று வந்த ஒரு வீரர், கையில் சுற்றிய பேண்டேஜை வெட்ட விடாமல் உடைமாற்றும் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கோலோடு நின்றிருந்த உதவியாளர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் வீரரே கையை நீட்டினார். நீங்களும் அப்படித்தான் நேரில் போய் உட்கார வேண்டும். அடுத்த சண்டையைப் பற்றிப் பேச்செடுக்காமல், தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேளுங்கள். தலையில் அடிபட்டு விழுந்தவர் என்பதால் மருத்துவர் பரிசோதித்தாரா என்பதையும் உறுதிசெய்யுங்கள். தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே முறை. நீங்கள் சொல்லும் வீரர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்.

கேள்வி (வீரரின் மனைவி): சண்டைக்கு முன் தன் எடைப் பிரிவுக்குள் வர எடை குறைக்கும் நாட்களில் என் கணவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். இது நோயா?

பதில்: பசியும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்தால் யாருக்கும் சிடுசிடுப்பும் தூக்கக் கேடும் வரும். எடை பார்த்து முடித்து, வயிறார உண்டு, நன்றாக உறங்கிய சில நாட்களில் அது தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் காரணம் வேறு, மருத்துவ உதவி தேவை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: அவர் கை உங்கள் மீது ஓங்கப்பட்டால், எந்த எடைக் குறைப்பும் அதற்குச் சாக்கு ஆகாது, முதலில் நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி (வீரர்): பல வருடக் கனவான பட்டத்தை வென்றுவிட்டேன். ஆனால் மனம் வெறிச்சோடிக் கிடக்கிறது. இதை வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்?

பதில்: நான் நம்புகிறேன். டைசன் ஃபியூரி 2015 நவம்பரில் விளாடிமிர் கிளிச்கோவை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு அக்டோபரில் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் வாட்ட, பட்டங்களைத் துறந்தார். சிகிச்சையை நாடி, 2018இல் களத்துக்குத் திரும்பி, 2020 பிப்ரவரியில் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். ஒரே இலக்கை நோக்கிப் பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, அது கைகூடிய மறுநாள் எழுந்திருக்கக் காரணமே இல்லாதது போலத் தோன்றலாம். உங்களை நன்றிகெட்டவர் என்று நீங்களே ஏசிக்கொள்ளாமல், இங்கே எழுதியதை ஒரு மருத்துவரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி (வீரரின் அண்ணன்): தம்பிக்கு மறதி, தலைவலி, திடீர்க் கோபம். மனச்சோர்வா, தலையில் பட்ட அடியா?

பதில்: இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. தலையில் படும் அடிகளால் குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் மூளைப் பாதிப்பை ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதினார். அடி மேல் அடி வாங்குவதால் நாளடைவில் உண்டாகும் அந்த மூளைச் சிதைவை உறுதியாகக் கண்டறிவது இன்றும் இறப்புக்குப் பிந்தைய மூளைப் பரிசோதனையில்தான் இயலும். ஆகவே இணையத்தில் படித்துவிட்டுத் தம்பிக்கு நீங்களே அந்த முத்திரையைக் குத்திவிட வேண்டாம், ஏனெனில் குணப்படுத்தக்கூடிய காரணங்களும் உண்டு.

தலைக்காயத்தால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு ஹார்மோன்கள் குறைந்தால், சோர்வும் மனத்தளர்ச்சியும் மனச்சோர்வைப் போலவே வெளிப்படும். அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிக்கலாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங்கை (பயிற்சிக்காக இன்னொருவருடன் மோதுவதை) உடனே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போட்டியில் வாங்கும் அடியை எல்லோரும் எண்ணுகிறார்கள், பயிற்சியில் வாங்குவதை யாரும் எண்ணுவதில்லை. அந்தக் கணக்கையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (வீரர்): மனச்சோர்வு மாத்திரை எடுத்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிவிடுவேனா?

பதில்: வழக்கமாகத் தரப்படும் செர்ட்ராலின், ஃப்ளூஆக்சிடின் ஆகியவை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இல்லை. கவனக்குறைவுக் கோளாறுக்கான மெத்தில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது, அதற்கு முன்கூட்டியே விலக்கு பெற வேண்டும். சோதனைக்குப் பயந்து எந்த மாத்திரையையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

கேள்வி (மேலாளர்): "உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறதா" என்று ஒரு வீரரிடம் நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகாதா?

பதில்: ஆகாது. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பதை இறக்கி வைக்க வழி கிடைக்கிறது. வலியைக் காட்டாதே என்று சிறு வயது முதல் பழக்கப்படுத்தப்பட்டவர் தானாக வாய் திறப்பார் என்று காத்திருக்கக் கூடாது. தனியாக, அவசரமின்றி, அந்தச் சொற்களாலேயே கேளுங்கள். ஆம் என்றால் அதிர்ந்துபோய் அறிவுரை சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள். அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்து, அன்றே அவசர மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒப்பந்தமான சண்டை அருகில் இருந்தால் அதை ஒத்திவைக்கும் பொறுப்பு உங்களுடையது. அந்த முடிவை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.