யான் சிக்ஸ் உருவப்படத்தில் கைகள் ஏன் அரைகுறையாகத் தெரிகின்றன?

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1654இல் வரைந்த யான் சிக்ஸ் என்ற ஆம்ஸ்டர்டாம் செல்வந்தரின் எண்ணெய் வண்ண ஓவியத்தில் கைகள் தெளிவில்லாமல் இருப்பதைக் குறிப்பிட்டு, ஓவியர் அதைப் பாதியிலேயே விட்டுவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது முழுமை பெற்ற ஓவியம்தான். அந்தத் தெளிவின்மை வேண்டுமென்றே செய்யப்பட்டது.

முகத்தை அவர் பொறுமையாக, மென்மையான நிறமாற்றங்களோடு தீட்டியிருக்கிறார். கையுறையை இழுத்துக்கொண்டிருக்கும் கைகளுக்கு வந்ததும் தூரிகை வேகமெடுக்கிறது. அருகில் சென்று பார்த்தால் விரல்கள் தனித்தனியே தெரிவதில்லை, அகலமான சில வண்ணத் தீற்றல்களே தெரிகின்றன. நான்கடி பின்வாங்கினால் அதே தீற்றல்கள் அசையும் கையாகின்றன. தோளில் கிடக்கும் சிவப்பு மேலங்கியின் பொன்சரிகையும் இப்படித்தான்: ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே இழுப்பில் ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவே. வெளியே கிளம்பும் மனிதரின் ஒரு கணத்தைப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சாயத்தொழிலிலும் பட்டு நெசவிலும் செல்வம் சேர்த்த குடும்பத்தில் பிறந்த சிக்ஸ், கவிதையும் நாடகமும் எழுதியவர். 1653இல் ரெம்பிராண்டுக்கு 1,000 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கடன் கொடுத்தவர். 1691இல் நகரத்தின் மேயரானவர். இந்த ஓவியத்தைப் பற்றி அவரே லத்தீனில் ஓர் ஈரடிப் பாடல் எழுதினார். அதில் ரோம எண்களாகவும் பயன்படும் I, V, X போன்ற எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் 1654 என்ற ஆண்டு கிடைக்கும். ஓவியம் இன்றும் ஆம்ஸ்டர்டாமில், சிக்ஸ் குடும்பத்தின் சேகரிப்பிலேயே இருக்கிறது.