கழுத்துல டிஸ்க் பிதுங்குனா ஆபரேஷன்தானா?

கேள்வி: டாக்டரம்மா, ஆத்தங்குடில டைல்ஸ் பட்டறைல 18 வருஷமா கண்ணாடி மேல அச்சு வச்சு கலர் ஊத்துற வேலை, நாள் பூரா குனிஞ்ச தலை நிமிர முடியாது. ரெண்டு வாரமா கழுத்துல பிடிச்சு வலது தோள்பட்டை வழியா கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குது, ராத்திரி தூக்கமே இல்ல. ஸ்கேன்ல சி5-சி6 டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு வந்திருக்கு. பக்கத்து ஊர்ல ஒருத்தர் கழுத்தத் திருகி சரிபண்ணுவாராம், அம்மா வா போவோம்னு நிக்கிறாங்க. பட்டறைல கேட்டா ஆபரேஷன் பண்ணுனா கை விழுந்துரும்ங்கிறாங்க. என்ன செய்யட்டும்?

பதில்: மொதல்ல அந்தத் திருகுற ஆள்கிட்ட போகாதீங்க தம்பி, நான் சொன்னேன்னே அம்மாகிட்ட சொல்லுங்க. டிஸ்க்குங்கிறது எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை, அதோட ஓரம் கிழிஞ்சு உள்ள இருக்குற கூழ் பிதுங்கி நரம்புல இடிக்குது, திருகுனா அது உள்ள போகாது, இன்னும் பிதுங்கி தண்டுவடத்தையே அமுக்கிரலாம். சி5-சி6ன்னா கழுத்துல அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவுல, அங்க உங்களுக்கு மாட்டியிருக்கிறது கழுத்தோட 6வது நரம்பு, அது கட்டைவிரல் பக்கம் போறது, அதான் அங்க இழுக்குது. வலியே இல்லாத ஆளை ஸ்கேன் எடுத்தாலும் பிதுக்கம் தெரியுறது உண்டு, அதனால ரிப்போர்ட்டை மட்டும் பாத்து பயந்துறாதீங்க.

பெரும்பாலானவங்களுக்கு 6ல இருந்து 12 வாரத்துல கத்தியில்லாமலே வலி இறங்கிரும், பிதுங்குனதை உடம்பே கொஞ்சங்கொஞ்சமா கரைச்சுக்கும். அதுவரைக்கும் டாக்டர் எழுதுற மாத்திரை (மெடிக்கல்ல நீங்களா வாங்கி நாள்கணக்கா முழுங்குனா வயிறும் கிட்னியும் கெட்டுரும், சுகர் பிரஷர் இருந்தா முன்னாடியே சொல்லிருங்க), அப்புறம் பிசியோதெரபி. காலர் மாட்டுனா ஏழெட்டு நாளைக்கு மேல வேணாம், கழுத்துச் சதை இளைச்சுரும். ராத்திரி வலி தாங்கலேன்னா வலது கையத் தூக்கி தலை மேல வச்சுப் பாருங்க, நரம்பு இழுக்குறது தளந்து நிறைய பேருக்குக் கொஞ்சம் கேக்கும்.

ஆனா கலர் கரண்டி கைல நிக்காம நழுவுது, சட்டை பட்டன் போட முடியல, நடக்கையில கால் தடுமாறுது, ஒன்னுக்கு அடக்க முடியல இல்ல வரவே மாட்டேங்குதுன்னா அது வேற கதை, வாரக்கணக்கெல்லாம் பாக்காம அன்னைக்கே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க, அங்க நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவே இருக்கு. ஆபரேஷன்ல ரிஸ்க்கே இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா கை விழுந்துரும்னு பயந்து தள்ளிப்போட்டு, அமுங்குன நரம்பு பலம் இழந்து வந்து நிக்கிறவங்கதான் நான் பாத்ததுல ஜாஸ்தி.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒன்னு, இடது கை வலியோட நெஞ்சு அடைப்பு வேர்வை இருந்தா கழுத்துன்னு நினைச்சு உக்காராதீங்க, ஈசிஜி எடுங்க.

பட்டறைல தரையில உக்காராம இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டு அதுல கண்ணாடிய வைங்க, அரைமணிக்கு ஒருக்கா எந்திரிச்சு தலைய நிமித்துங்க. தொட்டில ஊறுன டைல்ஸ் கல்லைத் தூக்குறத இப்போதைக்கு வேற ஆள்கிட்ட விட்டுருங்க.